1955 புரூக்ளின் டாட்ஜர்ஸ்: ஒரே ஒரு கேட்ச்சால் வந்த கோப்பையா?

மேலூர் உடற்கல்வி ஆசிரியர்:

நண்பர்களுக்கு வணக்கம். மேலூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியராகப் பணிபுரிகிறேன். எங்கள் மாணவியர் சாஃப்ட்பால் ஆடுகிறார்கள். மழையால் மைதானம் சேறாகிவிடும் நாட்களில் அவர்களை வகுப்பறையில் உட்காரவைத்து, பேஸ்பாலின் பழைய ஆட்டங்களைப் பற்றிச் சொல்வது என் வழக்கம். சென்ற வாரம், 1955இல் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணி நியூயார்க் யாங்கீஸ் அணியை வென்று வேர்ல்டு சீரிஸ் (அமெரிக்க பேஸ்பாலின் ஆண்டு இறுதித் தொடர், ஏழு ஆட்டங்களில் நான்கை வெல்பவருக்குக் கோப்பை) கோப்பையை முதன்முறையாகப் பெற்றதைச் சொன்னேன்.

ஜாக்கி ராபின்சன் போன்ற பெரிய ஆட்டக்காரர்கள் களத்தில் நின்ற அந்த ஏழாவது ஆட்டத்தில், ஆறாவது இன்னிங்ஸில் யாங்கீஸ் அணியின் இரண்டு பேர் பேஸில் (ரன் எடுக்க ஓடுபவர் வந்து நிற்கும் முனையில்) நிற்க, அதே அணியின் யோகி பெர்ரா அடித்த பந்தை இடது எல்லைக்கோட்டின் ஓரம்வரை ஓடிவந்து டாட்ஜர்ஸின் சாண்டி அமோரோஸ் பிடித்ததைக் கரும்பலகையில் படம் வரைந்து விளக்கினேன். உடனே ஒரு மாணவி எழுந்து, "அந்தப் பந்து ஓரடி தள்ளி விழுந்திருந்தால் கோப்பை கைவிட்டுப் போயிருக்கும்தானே சார்? அப்படியானால் அது அதிர்ஷ்டம்தானே?" என்று கேட்டாள். கேள்வி நியாயமானது என்பதால் அவசரமாக எதையும் சொல்லாமல், விசாரித்துவிட்டுச் சொல்வதாக ஒப்புக்கொண்டேன். இந்த ஆட்டத்தை நன்கு அறிந்தவர்கள் உதவ வேண்டுகிறேன்.

தல்லாகுளம் வாசகர்:

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். அந்த மாணவிக்கு விடை சொல்ல அக்டோபரிலிருந்து தொடங்காமல் ஏப்ரலிலிருந்து தொடங்குங்கள் என்பதே என் வேண்டுகோள். 1955 பருவத்தின் முதல் பத்து ஆட்டங்களையும் டாட்ஜர்ஸ் வென்றது. முதல் 24 ஆட்டங்களில் 22 வெற்றி. அதன் பிறகு அந்த ஆண்டு முழுவதும், டாட்ஜர்ஸ் ஆடிய நேஷனல் லீகில் அவர்களை ஒருவராலும் எட்டிப்பிடிக்க முடியவில்லை. செப்டம்பர் 8ஆம் தேதியே லீக் பட்டம் உறுதியாகிவிட்டது. அந்த லீகின் வரலாற்றில் அதற்கு முன் அவ்வளவு சீக்கிரமாக எந்த அணியும் பட்டத்தை உறுதிசெய்ததில்லை. 98 வெற்றி, 55 தோல்வி என்ற கணக்கில், இரண்டாமிடம் பெற்ற மில்வாக்கி பிரேவ்ஸை விட 13½ ஆட்டங்கள் முன்னிலையில் முடித்தார்கள்.

கேட்சர் (மட்டை பிடிப்பவருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிப்பவர்) ராய் காம்பனெல்லா 32 ஹோம் ரன்களுடன் (அடித்தவரே எல்லா பேஸ்களையும் சுற்றிவந்து ரன் எடுக்கும் அடி) லீகின் சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெற்றார். டியூக் ஸ்னைடர் 42 ஹோம் ரன்கள் அடித்து, 136 ரன்களுக்கு வழிசெய்தார். பிட்சர் (பந்தெறிபவர்) டான் நியூகோம்ப் 20 ஆட்டங்களை வென்று ஐந்தில் மட்டுமே தோற்றார். பந்தெறிபவராக இருந்தும் அவர் மட்டையாலும் ஏழு ஹோம் ரன்கள் அடித்தார் என்பதை உங்கள் பிட்சர் மாணவியிடம் தவறாமல் சொல்லுங்கள்.

ஆனாலும் வேர்ல்டு சீரிஸில் முதல் இரண்டு ஆட்டங்களையும் தோற்றார்கள். ஏழு ஆட்டத் தொடரில் அப்படித் தோற்ற எந்த அணியும் அதுவரை மீண்டுவந்து கோப்பையை வென்றதில்லை. செப்டம்பர் 30 அன்று மூன்றாவது ஆட்டத்தை வென்று கொடுத்த பிட்சர் ஜானி பாட்ரெஸுக்கு அன்றுதான் 23 வயது நிறைந்தது. அந்தப் பருவத்தில் அவருடைய கணக்கு 9 வெற்றி, 10 தோல்வி மட்டுமே. அந்த இளைஞரைத்தான் அக்டோபர் 4 அன்று, யாங்கீஸின் சொந்த மைதானத்தில், ஏழாவது ஆட்டத்திலும் பந்தெறிய மேலாளர் வால்டர் ஆல்ஸ்டன் அனுப்பினார். எதிரணி ஒரு ரன்கூட எடுக்காமல் 2–0 என்று ஆட்டம் முடிந்தது. ஒன்பது இன்னிங்ஸையும் அவர் ஒருவரே எறிந்து முடித்ததை விட்டுவிட்டு, கேட்ச்சை மட்டும் சொன்னால் பாட்ரெஸுக்கு அநீதி செய்தவர்கள் ஆவோம்.

ஒரு சிறு திருத்தம்: ராபின்சன் அந்த ஏழாவது ஆட்டத்தில் களமிறங்கவில்லை, மூன்றாவது பேஸில் டான் ஹோக் நின்றார். முதல் ஆட்டத்தில் ராபின்சன் 36 வயதில், யாரும் பந்தை அடிக்காமலேயே மூன்றாவது பேஸிலிருந்து பாய்ந்து ஹோம் பேஸைத் திருடியதுதான் அந்தத் தொடரில் அவர் பெயர் சொல்லும் நிகழ்வு. அவரைத் தொட்டு அவுட் ஆக்கிவிட்டதாகக் கடைசிவரை சாதித்த கேட்சர், நீங்கள் குறிப்பிட்ட அதே பெர்ராதான்.

ரேஸ்கோர்ஸ் பழைய ஆட்டக்காரர்:

மேலே எழுதிய நண்பருடன் பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆயினும் மாணவியின் கேள்வி அந்தக் கேட்ச்சைப் பற்றியது என்பதால் அதற்கே நேராக வருகிறேன். அதிர்ஷ்டத்துக்கு அதில் பங்கு உண்டு என்று அவளிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். எவ்வளவு பங்கு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆட்டம் தொடங்கியபோது இடதுபுறக் களத்தில் நின்றவர் அமோரோஸ் அல்லர், ஜிம் கில்லியம். ஆறாவது இன்னிங்ஸில் கில் ஹாட்ஜஸ் உயர அடித்த பந்தால் இரண்டாவது ரன் கிடைத்தது. (முதல் ரன்னுக்கு வழிசெய்தவரும் அவரே.) இன்னும் ரன் சேர்க்கும் ஆசையில், இரண்டாவது பேஸில் ஆடிவந்த டான் சிம்மருக்குப் பதிலாக ஜார்ஜ் ஷுபாவை மட்டை பிடிக்க அனுப்பினார் ஆல்ஸ்டன். ஷுபாவால் பயன் ஒன்றும் விளையவில்லை. ஆனால் சிம்மர் வெளியேறிவிட்டதால் கில்லியம் இரண்டாவது பேஸுக்கு வர வேண்டியதாயிற்று. காலியான இடதுபுறக் களத்துக்கு அமோரோஸ் வந்தார். அவர் வந்து நின்ற அதே இன்னிங்ஸில்தான் பந்து அங்கே வந்தது. இந்த அளவுக்கு அதிர்ஷ்டம் என்று ஒப்புக்கொள்ளலாம்.

இனி அந்தப் பந்தைப் பாருங்கள். பெர்ரா இடதுகைப் பாணியில் மட்டை பிடிப்பவர். பெரும்பாலும் வலதுபுறம் இழுத்து அடிப்பவர். அதனால் அமோரோஸ் களத்தின் நடுப்பக்கம் தள்ளியே நின்றிருந்தார். பந்தோ எதிர்ப்புறமாக, இடது எல்லைக்கோட்டை ஒட்டிப் பறந்தது. அவர் தமது வலப்பக்கம் நெடுந்தொலைவு ஓடிக் கையை நீட்ட வேண்டும். கியூபா நாட்டவரான அமோரோஸ் இடதுகையால் எறிபவர் என்பதால் கையுறை வலதுகையில் இருந்தது. நீட்டிய கையிலேயே பந்து வந்து சேர்ந்தது. வலதுகையால் எறியும் கில்லியம் அங்கே நின்றிருந்தால், இடதுகைக் கையுறையை உடம்புக்குக் குறுக்கே கொண்டுபோக வேண்டியிருந்திருக்கும். அந்த ஒரு முழ வித்தியாசத்தில் பந்து தரையைத் தொட்டிருக்கும் என்பதே என் கணிப்பு.

கரும்பலகைப் படத்தில் கேட்ச்சோடு நிறுத்தாதீர்கள், ஐயா. பந்து விழுந்துவிடும் என்று எண்ணி, பேஸில் நின்ற இருவரில் ஒருவரான யாங்கீஸின் கில் மெக்டூகல்ட் முதல் பேஸை விட்டு வெகுதூரம் ஓடியிருந்தார். அமோரோஸ் நின்ற காலோடு பந்தை, இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு இடையே ஆடும் பீ வீ ரீஸுக்கு எறிந்தார். ரீஸ் அதைத் திருப்பி முதல் பேஸில் நின்ற ஹாட்ஜஸுக்கு எறிந்தார். மெக்டூகல்ட் திரும்பி வருவதற்குள் பந்து பேஸுக்கு வந்துவிட்டதால், பெர்ராவோடு சேர்த்து இரண்டு பேர் அவுட். ஓட்டத்துக்கு நடுவே ரீஸ் சரியான இடத்துக்கு வந்து பந்துக்காகக் காத்து நின்றதை அதிர்ஷ்டம் என்று நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். பல ஆண்டு ஆடியவனுக்கு மட்டுமே கால் தானாக அங்கே போகும்.

வடகரைவாசி:

ரீஸின் பெயர் வந்ததால் இதைச் சேர்க்கிறேன். 1941, 1947, 1949, 1952, 1953 என ஐந்து முறை டாட்ஜர்ஸ் இதே யாங்கீஸிடம் வேர்ல்டு சீரிஸில் தோற்றது. ஐந்திலும் ஆடியவர் ரீஸ். 1916, 1920 ஆண்டுகளில் வேறு அணிகளிடம் தோற்றதையும் சேர்த்தால் ஏழு தோல்விகள். "அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்வோம்" என்பதே புரூக்ளின் மக்களின் நிரந்தரப் பேச்சாக இருந்தது. 1955இல் கடைசிப் பந்தை எல்ஸ்டன் ஹோவர்ட் தரையோடு அடிக்க, அது ரீஸிடமே வந்தது. அவர் எடுத்து ஹாட்ஜஸுக்கு எறிந்ததோடு ஆட்டம் முடிந்தது.

எங்கள் ஊர்க் கபடிக் குழு, நான் சிறுவனாக இருந்தபோது, பக்கத்து ஊர்க் குழுவிடமே நான்கு பொங்கல்களில் தொடர்ந்து இறுதி ஆட்டத்தில் தோற்றது. எங்கள் பெரியப்பா நான்கிலும் ஆடினார். ஐந்தாம் ஆண்டு வென்ற இரவில், கோப்பையைத் தொடாமல் கோயில் திண்ணையில் தனியே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். ரீஸைப் பற்றி எங்கே படித்தாலும் எனக்கு அவர் முகம்தான் நினைவுக்கு வருகிறது.

புரூக்ளினுக்குக் கிடைத்த ஒரே கோப்பை அதுதான் என்பதையும் மாணவியரிடம் சொல்லுங்கள். 1957 பருவத்தோடு அணி லாஸ் ஏஞ்சலிஸுக்குப் போய்விட்டது. புரூக்ளினில் அவர்களின் சொந்த மைதானமாக இருந்த எபெட்ஸ் ஃபீல்டை 1960இல் இடித்துவிட்டார்கள்.

மேலூர் உடற்கல்வி ஆசிரியர்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ராபின்சன் பற்றிய என் பிழையை நாளைய வகுப்பிலேயே திருத்திச் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி கேட்ட மாணவி இடதுகைக்காரி என்பதை நான் முன்பு எழுதவில்லை. அது முக்கியம் என்று அப்போது தோன்றவில்லை. இரண்டு ஆண்டுகளாக அவளை வலதுபுறக் களத்திலேயே நிறுத்தி வந்திருக்கிறேன். நேற்று மாலை மைதானம் காய்ந்திருந்ததால் இடதுபுறம் நிற்கச் சொல்லி, கோட்டை ஒட்டி இருபது பந்துகளை அடித்துக் கொடுத்தேன், பதினான்கைப் பிடித்தாள். அவள் பிடித்ததும் ஓடிவந்து பந்தை வாங்கி எறியும் ஆளைத்தான் இனிப் பழக்க வேண்டும். சனிக்கிழமை காலைப் பயிற்சியை அதற்கென்றே ஒதுக்கியிருக்கிறேன்.