எலக்ட்ரிக் ஷவர் மாற்றுவதற்கு பிளம்பரா, எலக்ட்ரீசியனா?

ஹரோவாசி:

எங்கள் வீடு ஹரோவில், 1930களில் கட்டியது. மேல்மாடியில் எலக்ட்ரிக் ஷவர் ஒன்று இருக்கிறது. முன்பு இருந்தவர்கள் போட்டுவிட்டுப் போனது, 8.5 கிலோவாட் என்று ஒட்டியிருக்கிறது. போன கிழமையிலிருந்து தண்ணீர் நகச்சூட்டுக்கு மேல் வருவதில்லை.

அம்மாவுக்கு 76 வயது. பருத்தித்துறைப் பக்கம் விடியற்காலையில் கிணற்றடியில் பச்சைத் தண்ணீர் வார்த்து வளர்ந்தவர்தான், ஆனால் லண்டன் தை மாதத்துத் தண்ணீர் வேறு சாமான். குளியல் தொட்டி இல்லை, வாஷ்பேசினுக்குள் வாளி நுழையாது. குசினிக் குழாயில் சுடுதண்ணீர் பிடித்து, கார்பெட்டில் சிந்திச் சிந்தி மேலே காவிக்கொண்டு போகிறேன்.

இரண்டு பேரோடு கதைத்தேன். ஒருவர் கோயிலில் பழக்கமான பிளம்பர் தம்பி. வந்தார், ஷவரை வெளியே நின்று பார்த்தார். "10.5 ஒன்று போடுவம் அண்ணை, தண்ணி கொட்டும். கூலி 100 பவுண், ஒரு மணித்தியால வேலை" என்றார். கேஸ் சேஃப் அட்டையையும் காட்டினார். மற்றவர் எலக்ட்ரீசியன். போனில் விலையே சொல்லவில்லை. ஃபியூஸ் போர்டையும் கூரையில் தொங்கும் கயிற்றுச் சுவிட்சையும் படம் எடுத்து அனுப்பட்டாம், வந்து பார்க்க 60 பவுணாம்.

எனக்கு முதல் ஆள் நல்லவராகத் தெரிகிறார். மனைவி மற்றவரைக் கூப்பிடச் சொல்கிறார். படம் எடுக்கப் போனபோதுதான் கவனித்தேன்: கயிற்றுச் சுவிட்சின் ஓரத்தில் தேத்தண்ணீர்க் கறை மாதிரி ஒரு பழுப்பு. சிவப்பு லைட்டும் சில நேரம் எரிவதில்லை. பழசு என்பதால் அப்படியா?

முப்பது வருட வயர்க்காரன்:

தம்பி, முதலில் ஃபியூஸ் போர்டில் ஷவருக்குரிய பிரேக்கரை இறக்கி விடுங்கள். மிச்சத்தைப் பிறகு வாசிக்கலாம்.

அந்தப் பழுப்பு வயதால் வந்ததில்லை, சூட்டால் வந்தது. 8.5 கிலோவாட் ஷவர் 37 ஆம்பியர் இழுக்கும். தேத்தண்ணீருக்குத் தண்ணீர் கொதிக்கவைக்கும் உங்கள் கெற்றில் இழுப்பது 13 ஆம்பியர்தான். கிட்டத்தட்ட மூன்று கெற்றில் ஒரே வயரில் என்று நினைத்துப் பாருங்கள். சுவிட்சுக்குள் ஒரு ஸ்குரூ கொஞ்சம் தளர்ந்தாலே அந்த இடம் சூடேறும், வயரின் தோல் கருகும், பிளாஸ்டிக் உருகும். இப்படிப்பட்ட சுவிட்சுகளை எத்தனையோ கழற்றியிருக்கிறேன். சில கையோடு பொடிந்து வந்தன.

நகச்சூடு தனிக் கதை. ஷவருக்குள் சூடாக்கும் எலிமென்ட் இரண்டு இருக்கும். ஒன்று போய்விட்டால் இப்படித்தான் வரும்.

இனி 10.5 விஷயம். அது 45 ஆம்பியருக்கு மேல் கேட்கும். பழைய 8.5க்கு அநேகமாக 6 மில்லி வயரும் 40 ஆம்பியர் பிரேக்கரும்தான் போட்டிருப்பார்கள். 10.5க்கு 10 மில்லி வயர் இழுக்க வேண்டும், பிரேக்கரும் சுவிட்சும் பெரிதாக வேண்டும். பழைய வயரிலேயே மாட்டினால் பிரேக்கர் உடனே விழாது, அதுதான் வில்லங்கம். ஷவர் இழுக்கும், வயர் கூரைக்குள் சூடாகிக்கொண்டே இருக்கும். வயரைப் பார்க்காமல் 10.5 என்று சொன்னவர் நல்ல பிள்ளையாக இருக்கலாம், இந்த வேலைக்கு ஆள் இல்லை. அவர் காட்டிய அட்டை கேஸ் வேலைக்கு உரியது. உங்கள் ஷவரில் கேஸ் எங்கே இருக்கிறது?

"தண்ணி கொட்டும்" என்பதையும் கணக்குப் பார்ப்போம். மாரியில் 8 டிகிரியில் வரும் தண்ணீரை 38 ஆக்க வேண்டும் என்றால், 8.5 நிமிடத்துக்கு 4 லீட்டர் தரும், 10.5 தருவது 5 லீட்டர். ஒரு லீட்டருக்காக வீட்டைக் கிண்டுவீர்களா?

ஷவரில் தண்ணீர் வேலை என்பது 15 மில்லி பைப்பில் ஒரு மூட்டு. ஆளைக் கொல்லக்கூடியது மற்றப் பக்கம். ஆகவே எலக்ட்ரீசியன்தான், அதுவும் என்ஐசிஇஐசி அல்லது நாப்பிட் என்ற மின்வேலைக்காரர் பதிவு அமைப்புகளில் ஒன்றில் பதிவு செய்தவர். பெயரை அவர்களின் இணையத்தளத்தில் நீங்களே தேடிப் பாருங்கள், வாகனத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை நம்ப வேண்டாம். வேலை முடிந்ததும் என்ன பத்திரம் தருவீர்கள் என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியிலேயே பாதிப் பேர் கழன்றுவிடுவார்கள்.

ரூட்டிங் அக்கா:

எலக்ட்ரீசியன் என்று அண்ணை சொல்வது சரி. ஆனால் தண்ணீர்ப் பக்கம் தொடாத எலக்ட்ரீசியன்களும் இருக்கிறார்கள், முதலே கேட்டுவிடுங்கள். எனக்கு வந்தவர் பழையதைக் கழற்றிய பிறகுதான் பைப் வலது பக்கம், புது ஷவருக்கு இடது பக்கம் என்று கண்டார். பைப்பைத் தான் வெட்ட மாட்டாராம். இரண்டு நாள் சுவரில் வெறும் ஓட்டை. பழைய ஷவரை விடப் புதியது சிறிது, ஆகவே ரைல்ஸில் பழைய ஸ்குரூ ஓட்டைகள் இன்னும் வாய் பிளந்து நிற்கின்றன.

வாங்குமுன் மூடியைக் கழற்றுவித்து, பைப்பும் வயரும் எந்தப் பக்கத்தால் வருகின்றன என்று படம் எடுங்கள். ட்ரைட்டன் டி80 ஈஸிஃபிட் போன்றவை பழையதை மாற்றுவதற்கென்றே பல பக்கத்தாலும் பைப் கொடுக்கக்கூடிய மாதிரி வருகின்றன. இன்னொன்று, லண்டன் தண்ணீரில் சுண்ணாம்பு. ஷவர் தலையை அடிக்கடி வினிகரில் ஊறப் போடாவிட்டால் அடைபட்டு, உள்ளே அழுத்தம் ஏறி, அடியில் இருந்து ஒழுகத் தொடங்கும். புது ஷவர் பழுது என்று நான் அழாத குறை.

குறொய்டன் பொடியன்:

பிளம்பர் எல்லாரையும் ஒரே சாக்கில் போடாதீர்கள். எங்கள் வீட்டு ஷவரை மாற்றியவர் பிளம்பர்தான், மின்வேலைக்கும் பதிவு வைத்திருக்கிறார். இங்கிலாந்தில் அதே சர்க்யூட்டில் அதே அளவு ஷவரை மாற்றுவதைக் கவுன்சிலுக்கு அறிவிக்கவும் தேவையில்லை, புது சர்க்யூட் இழுத்தால் அறிவிக்க வேண்டும். வாடகை வீடு என்றால் நீங்கள் தொடவே வேண்டாம், வீட்டுக்காரர் பொறுப்பு.

ஹரோவாசி:

எல்லாருக்கும் நன்றி. சொந்த வீடுதான். பிரேக்கரை அன்றே இறக்கினேன். அந்த 60 பவுண் எலக்ட்ரீசியனே வந்தார், அந்தக் காசை வேலைக் கூலியில் கழித்தார்.

சுவிட்சைத் திறந்து என்னை ஏணியில் ஏறிப் பார்க்கச் சொன்னார். ஒரு வயரின் நுனி கரி. அது நின்ற பிளாஸ்டிக் மெழுகுதிரி மாதிரி வழிந்து இறுகியிருந்தது. வயர் 6 மில்லிதான். கூரைக்குள் கம்பளி மாதிரி விரித்த இன்சுலேஷனுக்கு அடியில் புதைந்து கிடந்தது. அப்படிக் கிடந்தால் வயருக்கு மூச்சு விட இடமில்லை என்று, அதை மேலே எடுத்து மரச்சட்டத்தில் கிளிப் அடித்தார். ஷவர் சர்க்யூட்டுக்கு ஆர்சிடி (மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தை நிறுத்தும் கருவி) இருக்கவில்லை, அதையும் போட்டார். 10.5 பற்றிக் கேட்டேன், சிரித்தார். அதே 8.5தான் மாட்டினார். மின்சாரம் கொடுக்குமுன் பச்சைத் தண்ணீரைச் சில நிமிடம் ஓடவிட்டார்; உள்ளே தண்ணீர் நிரம்பாமல் சுவிட்சைப் போட்டால் புது எலிமென்ட் அங்கேயே எரிந்துவிடுமாம். மூன்று மணித்தியாலம். ஷவரோடு சேர்த்து 410 பவுண், சோதனை அளவுகள் எழுதிய பத்திரமும் கையில்.

அம்மா குளித்துவிட்டு வந்து, "நல்ல சூடுதான், ஆனால் ஊர் வாளி மாதிரி ஒரேயடியாக வார்க்கேலாது" என்றார்.

வெள்ளிக்கிழமை கோயிலில் அந்தப் பிளம்பர் தம்பியைக் காண வேண்டும். இப்போதைய கவலை அதுதான்.