தேன்கூட்டு அடுக்குள்ள துடுப்புப் படகைப் பழுதுபார்ப்பவர் தேவை

வணக்கம். வடசென்னையில் பல்கலைக்கழக மாணவர்களாகிய நாங்கள் சந்தா திரட்டி நடத்தும் துடுப்புப் படகுக் குழுவின் ஒரே நால்வர் படகை, ஐப்பசி மழைக்குப் பிறகு எண்ணூர் கழிமுகத்தில் இறக்க முடியவில்லை. சுமார் 13 மீட்டர் நீளமுள்ள பழைய ஃபைபர் படகு; அதன் இரு மெல்லிய ஃபைபர் தோல்களுக்கிடையே, தேன்கூடு போல் சிற்றறைகள் கொண்ட தேன்கூட்டு அடுக்கு உள்ளது. முன்முனையில் மேல்தோல் உப்பியிருக்கிறது. கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்கி, விளிம்பில் உப்புநீர் கசிகிறது.

காசிமேட்டுப் பட்டறையொன்றில் பாலியெஸ்டர் ரெசினும் ஃபைபர் பாயும் வைத்து ஒட்டினோம். மீன்பிடிப் படகுகளில் தேர்ந்த கைகள்தான். ஆயினும் எங்கள் படகில் கனம் கூடியதே தவிர, ஒட்டு நிற்கவில்லை. பின்னர் துளையிட்டு, நிழலில் உலர்த்தி, எபாக்ஸி பசை செலுத்தியும், உள்ளறைகளில் தங்கிய ஈரத்தால் அது பிடிக்கவில்லை. புதிய படகு வாங்கச் சந்தாப் பணம் போதாது.

வெற்றிட உறையிட்டு (உறைக்குள் காற்றை உறிஞ்சி, அடுக்குகளை இறுக்கி ஒட்டும் முறையில்) தேன்கூட்டு அடுக்கை மாற்றித் தரும் பட்டறை சென்னையிலோ அருகிலோ எங்குள்ளது?