கேனரி வார்ஃபை விட்டு எச்எஸ்பிசி போகிறது, அங்கே வீடு வாங்கலாமா?

பவானிக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். ஆறு வருடமாக லண்டன் ஈஸ்ட் ஹாமில் வாடகைக்கு இருக்கிறோம். சவுத் கீ ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு இரண்டு படுக்கையறை ஃபிளாட் பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்பதாவது மாடி. சமையலறை ஜன்னலுக்கு நேர் கீழே டாக் என்கிற பழைய கப்பல் துறையின் தண்ணீர், எதிரே வங்கிகளும் பெரிய அலுவலகங்களும் இருக்கிற கேனரி வார்ஃப் கோபுரங்கள். பார்க்கப் போன அன்றைக்கு என் மகள் அந்த ஜன்னலை விட்டு நகரவே இல்லை. கறுப்பாக ஒரு பறவை முங்கி முங்கி எழுந்துகொண்டிருந்தது, அதை எண்ணிக்கொண்டே நின்றாள்.

என் கணவருக்கு வேலை கேனரி வார்ஃபில்தான். ஆனால் அவருடைய கம்பெனி லிவர்பூல் ஸ்ட்ரீட் பக்கம் மாறப்போவதாகச் சொல்லிவிட்டார்கள். எச்எஸ்பிசி வங்கியின் தலைமையகம் செயின்ட் பால்ஸ் பக்கம் போகிறது. கிளிஃபர்ட் சான்ஸ் என்ற பெரிய வக்கீல் நிறுவனமும் லண்டனின் பழைய வங்கிப் பகுதியான சிட்டிக்கே திரும்புகிறது. அலுவலகத்தில் எல்லோரும் ஒரே பாட்டுதான்: "அந்த இடம் முடிந்தது."

ஊரில் அப்பாவிடம் சொன்னேன். அவர் நூல் மில்லில் வேலை பார்த்தவர். மில் மூடியபோது சுற்றியிருந்த டீக்கடை, சைக்கிள் கடை, லைன் வீடுகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் காலியானதைக் கண்ணால் பார்த்தவர். "கம்பெனியே காலி பண்ற எடத்துல நீ ஏம்மா வீடு வாங்கற?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அங்கே வேலை பார்த்தவர்கள், குடியிருப்பவர்கள் யாராவது உண்மை நிலவரம் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:

எச்எஸ்பிசியை விடுங்கள். அந்த ஃபிளாட்டின் காகிதத்தைப் பாருங்கள். லீஸில், அதாவது ஃபிளாட்டின் நீண்டகாலக் குத்தகையில், எத்தனை வருடம் பாக்கி, கடந்த மூன்று வருட சர்வீஸ் சார்ஜ் எவ்வளவு ஏறியிருக்கிறது, வெளிச்சுவர் தீப்பாதுகாப்புச் சான்று இருக்கிறதா, இந்த மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். 2017இல் லண்டன் கிரென்ஃபெல் அடுக்குமாடியில் நடந்த தீவிபத்துக்குப் பிறகு அந்தச் சான்று இல்லாத கட்டடத்துக்குப் பல வங்கிகள் கடன் தரத் தயங்கின. 2022 ஜூன் 30 முதல் எழுதிய புது லீஸ் என்றால் நில உரிமையாளருக்குக் கட்டும் தரை வாடகை கிடையாது. அதற்கு முந்தையது என்றால் எவ்வளவு, எப்போது ஏறும் என்று கேளுங்கள். டாக் ஓரத்துக் கோபுரங்களில் லிஃப்ட், வரவேற்பறை, ஜிம் எல்லாவற்றுக்கும் நீங்கள்தான் மாதாமாதம் கட்ட வேண்டும்.

இரவுப்பணி:

தங்கச்சி, உங்கள் அப்பா கேட்டது சரியான கேள்வி. அதற்கு மதிப்புக் கொடுத்துத்தான் இதை எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

நான் யாழ்ப்பாணத்தான். 1994 முதல் கேனரி வார்ஃப் கோபுரங்களில் இரவு வேலை. முதலில் துப்புரவு, பிறகு செக்யூரிட்டி. அந்த இடம் "முடிந்தது" என்று இதுவரை நான்கு தரம் கேட்டுவிட்டேன்.

முதல் தரம் நான் வருவதற்கு முன்பே நடந்தது. என்னோடு வாசலில் நின்ற ஒரு வெள்ளைக்காரக் கிழவர் அங்கேயே டாக் தொழிலாளியாக இருந்தவர். அப்போது அங்கே இருந்த கப்பல் துறை, வெஸ்ட் இந்தியா டாக்ஸ், 1802இல் திறந்தது. கரீபியன் தீவுகளில் அடிமைகள் விளைவித்த சீனியும் ரம்மும் வந்து இறங்கின இடம். கேனரி வார்ஃப் என்ற பெயரே கேனரித் தீவுகளில் இருந்து பழம் வந்து இறங்கின துறை என்பதால் வந்தது. பிறகு கன்டெய்னர் கப்பல்கள் வந்தன. அவ்வளவு பெரிய கப்பல் அந்தச் சின்ன டாக்குக்குள் நுழையாது, எல்லாம் ஆற்றில் கீழே டில்பரித் துறைமுகத்துக்குப் போய்விட்டன. 1980இல் இங்கே மூடினார்கள். உங்கள் அப்பா கண்ட மில்லின் கதைதான் அது, கப்பல் வடிவத்தில். தன் தெருவில் ஒரே வருடத்தில் எத்தனை பேர் வீட்டில் உட்கார்ந்தார்கள் என்று அந்தக் கிழவர் வீட்டு இலக்கத்தோடு சொல்லுவார்.

இரண்டாவது தரம் 1992. உச்சியில் பிரமிட் வைத்த கோபுரத்தைக் கட்டின ஒலிம்பியா அண்ட் யோர்க் என்ற நிறுவனம் நொடித்துப் போனது. நான் சேர்ந்தபோதும் பல மாடிகளில் ஆள் இல்லை. கம்பளம்கூட விரிக்காத சீமெந்துத் தரையில் என் காலடிச் சத்தம் எனக்கே திரும்பி வரும். ஜூபிலி ரயில் வந்து சேர 1999 ஆகிவிட்டது. அதற்கு முன் சனி ஞாயிறுகளில் அங்கே ஒரு பிள்ளையைக்கூட நான் கண்டதில்லை.

மூன்றாவது, 1996 பெப்ரவரி 9. நீங்கள் வீடு பார்த்த அதே சவுத் கீயில் ஐஆர்ஏ என்ற ஐரிஷ் ஆயுதக் குழு குண்டு வைத்தது. இரண்டு பேர் செத்துப் போனார்கள். போருக்குத் தப்பி வந்தவன் நான், அந்தச் சத்தம் என்னவென்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பல நாள் கண்ணாடி கூட்டினோம். சப்பாத்தின் அடியில் ஏறின துண்டை வீட்டு வாசலில் கத்தியால் கிளறி எடுத்துவிட்டுத்தான் உள்ளே போவேன்.

நான்காவது 2008 செப்டம்பர். நொடித்துப் போன லீமன் பிரதர்ஸ் வங்கியின் ஆட்கள் அட்டைப் பெட்டியோடு பேங்க் ஸ்ட்ரீட் வாசலால் வந்த படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அந்த வாரம் அங்கே குப்பை அள்ளின என் சினேகிதர், தொட்டி நிறையப் பிரிக்காத விசிட்டிங் கார்டுக் கட்டுகள் கிடந்ததாகச் சொன்னார். பிறகு அதே கட்டடத்தை ஜேபி மோர்கன் வங்கி வாங்கினது.

இனி எச்எஸ்பிசிக்கு வருவோம். 1993இல் ஹாங்காங்கில் இருந்து லண்டனுக்கு வந்தபோது அவர்கள் இருந்ததே சிட்டியில்தான். 2002இல்தான் இங்கே 45 மாடிக் கோபுரத்துக்கு வந்தார்கள். போவதாக 2023 ஜூனில் சொன்னார்கள். 2027இல் குத்தகை முடிகிறது. போகிற இடம் செயின்ட் பால்ஸ் தேவாலயத்துக்குப் பக்கத்தில் பிரிட்டிஷ் டெலிகாமின் பழைய தலைமையகம். இந்தக் கோபுரம் சுமார் 11 லட்சம் சதுர அடி, புது இடம் ஏறக்குறைய அதில் பாதி. கோவிட்டுக்குப் பிறகு வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருந்து வேலை செய்தார்கள், அவ்வளவு இடம் தேவையில்லை என்று அப்போது நினைத்தார்கள்.

பாதி இடம் என்றால் பாதித் தரை, தங்கச்சி. துடைக்கவும் பாதி ஆள் போதும். பத்திரிகையில் யாரும் எழுதாதது இதுதான், எனக்கு நெஞ்சில் நிற்பதும் இதுதான். உங்கள் கணவருக்கு இந்த மாற்றத்தில் பெரிய நட்டம் இல்லை. எலிசபெத் ரயிலில் கேனரி வார்ஃபில் இருந்து லிவர்பூல் ஸ்ட்ரீட் இரண்டாவது நிலையம். ஆனால் அந்தக் கட்டடத்தில் சான்ட்விச் விற்கிற பிள்ளைக்கும் இரவு மூன்று மணிக்குக் கழிவறை கழுவுகிற அம்மாவுக்கும் வேலை கட்டடத்தோடு கட்டப்பட்டது. ஒப்பந்தம் கை மாறினால் தொழிலாளியும் பழைய சம்பளத்தோடு மாற வேண்டும் என்று இந்த நாட்டில் சட்டம் இருக்கிறது. இடமே பாதியானால் அந்தச் சட்டம் என்ன செய்யும்? நான் முன்பு நின்ற கட்டடத்தை ஒரு நிறுவனம் காலி செய்தபோது எங்கள் இரவு ஷிஃப்டில் முப்பது பேர். புது இடத்துக்குப் போனது பதினொரு பேர். மற்றவர்களுக்கு வாரம் பன்னிரண்டு மணித்தியால வேலை தருகிறோம், மூன்று கட்டடத்தில் மாறி மாறிச் செய்யுங்கள் என்றார்கள். பஸ் காசு போனால் மிச்சம் என்ன?

எச்எஸ்பிசி கட்டடத்துக்கு இன்னொரு கதையும் உண்டு. 2003இல் அந்த வங்கியின் ஆண்டுக் கூட்டத்தில், தலைவருடைய அறையை இரவில் துப்புரவு செய்கிற தொழிலாளி ஒருவர் எழுந்து நின்று, இந்தச் சம்பளத்தில் பிள்ளைகளை எப்படி வளர்ப்பது என்று அவர் முகத்துக்கு நேரே கேட்டார். கிழக்கு லண்டன் தேவாலயங்கள், பள்ளிவாசல்கள், தொழிற்சங்கம் எல்லாம் சேர்ந்து நடத்தின இயக்கம் அது. அதற்குப் பிறகு அங்கே துப்புரவாளர் சம்பளம் ஏறினது, மற்றக் கோபுரங்களிலும் ஒவ்வொன்றாக ஏறினது, என்னுடையதும் ஏறினது. அந்த மனிதரை நினைத்துக்கொண்டுதான் இன்றும் அந்த வாசலைக் கடப்பேன்.

சரி, வீட்டுக்கு வருகிறேன். மில் மூடினபோது உங்கள் ஊரில் சனம் போனது, ஏனென்றால் வேறு வேலைக்கு வழி இல்லை. இங்கே மூன்று ரயில் வழி இருக்கிறது, நிறுவனம் போனாலும் ரயில் போகாது. கேனரி வார்ஃபிலேயே வுட் வார்ஃப் என்ற பகுதியில் இப்போது சனம் குடியிருக்கிறது. 2024இல் ஈடன் டாக் என்று தண்ணீர் நடுவே மிதக்கும் செடித் திட்டுகள் வைத்துத் திறந்தார்கள். சனிக்கிழமை காலையில் வேலை முடிந்து வரும்போது எனக்கு எதிரே பிள்ளைகளைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு ஆட்கள் வருகிறார்கள். 1995இல் இதை யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். கணவருடைய அலுவலகத்தை நம்பி வாங்காதீர்கள். அது நாளைக்கு இன்னொரு தரமும் மாறும். ரயிலையும் பள்ளிக்கூடத்தையும் அந்த ஜன்னலையும் நம்பி வாங்கலாம்.

வரைபடம்:

அண்ணா எழுதியதை இரண்டு முறை படித்தேன். நான் கட்டட வரைவாளர், எனக்குத் தெரிந்ததைச் சேர்க்கிறேன்.

எச்எஸ்பிசி கோபுரம் இடிக்கப்படவில்லை. உரிமையாளர் கத்தார் முதலீட்டு ஆணையம். கேனரி வார்ஃப் குழுமத்தோடு சேர்ந்து 2024 ஜூலையில் ஒரு திட்டம் வெளியிட்டார்கள். வடிவமைப்பு கோன் பெடர்சன் ஃபாக்ஸ் என்ற கட்டடக்கலை நிறுவனம். கோபுரத்தின் உடம்பில் பல மாடி உயரத்துக்குப் பெரிய பெரிய துண்டுகளை வெட்டி எடுத்து, அங்கே திறந்த மாடித் தோட்டங்கள் வைக்கும் திட்டம் அது.

அழகுக்காக மட்டும் வெட்டவில்லை. வங்கிக்காகக் கட்டிய மாடி ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 50 மீட்டர். நடுவில் உட்கார்ந்தால் பகலா இரவா தெரியாது. வரிசையாகக் கணினி வைத்து நூற்றுக்கணக்கானவர்கள் உட்கார அது சரி, வேறு எதற்கும் உதவாது. சில இடங்களில் தரையை வெட்டி எடுத்தால்தான் உள்ளே வெளிச்சம் போகும். எலும்புக்கூட்டை வைத்துக்கொள்வதால், ஏற்கெனவே உருக்கிய இரும்பும் காய்ச்சிய சிமெண்டும் வீணாகாது. 200 மீட்டர் கோபுரத்தை இப்படி மாற்றுவது லேசான காரியம் இல்லை. சில வருடங்கள் அங்கே தூசியும் சத்தமும் இருக்கும். உங்கள் ஜன்னல் எந்தத் திசை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மீன்கடை:

எல்லோரும் கோபுரத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். அதற்குப் பக்கத்தில் பில்லிங்ஸ்கேட் மீன் சந்தை இருக்கிறதே! 1982இல் சிட்டியிலிருந்து அங்கே வந்தது. ஈஸ்ட் ஹாம், இல்ஃபோர்டு தமிழ்க் கடைகளில் நீங்கள் வாங்கும் விளைமீனும் பாறையும் பாதி அங்கிருந்துதான் வருகிறது. விடியற்காலை நாலரைக்கு வேனை நிறுத்தி, ஈரத் தரையில் வழுக்காமல் போய், செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்குவேன். சந்தையை டேகன்ஹாமுக்கு மாற்றுவதாக இருந்தார்கள், 2024 நவம்பரில் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்கள். இப்போதைய நிலத்தில் வீடுகள் கட்டத்தான் எண்ணம். வங்கி போனால் அடுத்த வங்கி வரும். சந்தை போனால் எனக்கு அடுத்த சந்தை எங்கே?

பவானிக்கரை:

இவ்வளவு பேர் நேரம் எடுத்து எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. நன்றி. சர்வீஸ் சார்ஜ் கணக்கு கேட்டு நேற்றே மின்னஞ்சல் போட்டுவிட்டேன். ஜன்னல் சவுத் டாக் என்ற தண்ணீரைப் பார்த்து, வடக்குத் திசை.

இரவுப்பணி அண்ணா எழுதியதை அப்பாவுக்கு ஃபோனில் வாசித்துக் காட்டினேன். மற்றதையெல்லாம் பேசாமல் கேட்டார். முப்பது பேரில் பதினொரு பேர் என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார். "மிச்சப் பத்தொம்பது பேரு என்ன ஆனாங்கன்னு கேளு" என்றார். வீட்டைப் பற்றி அப்புறம் எதுவும் கேட்கவில்லை. அண்ணா, சொல்ல முடியுமா?

இரவுப்பணி:

அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். ஏழு பேர் அந்த மூன்று கட்டட வேலையை எடுத்தார்கள். நான் அதில் ஒருவன், இரண்டு வருடம் செய்தேன். நான்கு பேர் ஆஸ்பத்திரித் துப்புரவுக்குப் போனார்கள், அங்கே பென்ஷன் உண்டு என்று. கானா நாட்டு அம்மா ஒருவர் ஊருக்கே போய்விட்டார். ஒரு பெடியன் பஸ் ஓட்டப் படித்தான். இப்போது கேனரி வார்ஃப் இருக்கிற ஐல் ஆஃப் டாக்ஸ் பகுதிக்குள் ஓடுகிற டி7 பஸ்ஸில் இருக்கிறான், கண்டால் ஹோர்ன் அடிப்பான். மற்ற ஆறு பேரோடும் தொடர்பு விட்டுப் போய்விட்டது.

வீட்டை முடிவு செய்ய முன் ஒரு புதன்கிழமை இரவு எட்டு மணிக்கும் ஒரு ஞாயிறு காலையிலும் அங்கே போய் நில்லுங்கள். எத்தனை ஜன்னலில் வெளிச்சம் இருக்கிறது என்று எண்ணுங்கள். காலியாகக் கிடக்கிற வீடு அதிலே தெரியும். மீன் வாங்குவதென்றால் செவ்வாயில் இருந்து சனி வரைக்கும்தான். மகளைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள், பன்னிரண்டு வயதுக்குக் கீழே சந்தைக்குள் விடமாட்டார்கள். அவள் எண்ணின அந்தக் கறுப்புப் பறவை நீர்க்காகம். விடிய வேலை முடிந்து வரும்போது சவுத் கீ நடைபாலத்துக்குப் பக்கத்தில் இறக்கையை விரித்துக் காய வைத்துக்கொண்டு நிற்கும்.