சொல்லச் சொன்னால் கதை, எழுதச் சொன்னால் ரெண்டு வரி

ஆசிரிய நண்பர்களுக்கு வணக்கம். மன்னார்குடி பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி. நான்கு, ஐந்தாம் வகுப்புகள் ஒரே அறையில், என் பொறுப்பில். பிள்ளைகள் நன்றாக வாசிக்கிறார்கள். சொல்வதை எழுதுவதில் பிழையும் குறைவு. சிக்கல் சொந்தமாக எழுதுவதில்தான். வயலில் நண்டு பிடித்த கதையை ஒருவன் மூச்சுவிடாமல் சொல்வான். அதையே எழுது என்றால் "நண்டு வயலில் வாழும். நண்டுக்குப் பத்துக் கால்கள் உண்டு" என்று நிறுத்திவிடுவான். ஒரு மாணவி எழுதி எழுதி அழிப்பாள், தாள் கிழியும்வரை.

ஜூன் முதல் என்னென்னவோ செய்து பார்த்துவிட்டேன். நாட்குறிப்பு எழுத வைத்தால் எல்லா நோட்டிலும் "காலையில் எழுந்தேன், பல் துலக்கினேன்". சிவப்பு மையில் பிழை திருத்துவதையும் விட்டாயிற்று. பள்ளிக்கு வரும் 'ஊஞ்சல்' சிறுவர் இதழைப் படித்துக் காட்டினால் ரசிக்கிறார்கள், அதோடு சரி. சொல்வதைக் கைபேசியில் பதிந்து, கேட்டுக் கேட்டு எழுத வைத்தேன். நண்டுக்காரன் அரைப்பக்கம் எழுதினான். ஆனால் ஒரு கைபேசியை எத்தனை பேருக்குக் கொடுப்பது?

அப்புறம் சுவர் இதழ், அதாவது பிள்ளைகள் எழுதியதைச் சுவரில் மாட்டி வைப்பது. மாட்டிய அன்று அதன் முன்னால் ஒரே கூட்டம். பெற்றோர் ஒருவர் எழுத்துப்பிழையைச் சுட்டிக்காட்டிச் சிரித்தார் (எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது). மறுநாளே நாலைந்து பேர் தங்கள் தாளைக் கழற்றிக்கொண்டார்கள். இப்போது யாரும் தருவதில்லை.

சுவர் இதழைக் கைவிட மனமில்லை. பிழையோடு அப்படியே மாட்டுவது, திருத்திப் படியெடுக்கச் சொல்லி மாட்டுவது, இரண்டில் உங்கள் வகுப்புப் பிள்ளைகளின் கூச்சம் எதில் குறைந்தது?