ஆபரேஷனுக்குப் பிறகு பி.எஸ்.ஏ ஏறினால்: உங்களுக்கு எது வழிகாட்டியது?

திருச்சி, ஓய்வுபெற்ற ஆசிரியர்

அனைவருக்கும் வணக்கம். வயது 67. போன வருடம் புற்றுநோய்க்காக புராஸ்டேட்டை முழுவதும் எடுத்துவிட்டார்கள். அதன்பின் முதல் பி.எஸ்.ஏ (புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதத்தை ரத்தத்தில் அளக்கும் டெஸ்ட்) 0.01க்குக் கீழே வந்தது. அடுத்து 0.03. இப்போது 0.05. "மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம், இப்போதைக்கு ஒன்றும் வேண்டாம்" என்கிறார் டாக்டர். பெங்களூரில் இருக்கும் மகனோ, நோய் திரும்புமா என்று சொல்லும் ஜீன் டெஸ்ட் இருக்கிறது, செலவைப் பற்றி யோசிக்காதீர்கள் என்கிறான். இந்த வழியில் ஏற்கெனவே போனவர்கள் சொல்லுங்கள். உங்கள் விஷயத்தில் எந்த டெஸ்ட் உண்மையில் உதவியது?

கோவை, வங்கிப் பணி ஓய்வு

ஐயா, எனக்கு ஆபரேஷன் ஆகி எட்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. எனக்கு உதவியவை இரண்டே விஷயங்கள். ஒன்று பேத்தாலஜி ரிப்போர்ட் (எடுத்த சுரப்பியை லேபில் சோதித்து எழுதுவது), இன்னொன்று பி.எஸ்.ஏ ஏறுகிற வேகம்.

ஆபரேஷனுக்கு முன்னால் பி.எஸ்.ஏ கொஞ்சம் குழப்பமான டெஸ்ட்தான். சுரப்பி வீங்கினாலும் ஏறும், தொற்று வந்தாலும் ஏறும். சுரப்பியையே எடுத்த பிறகு கதை வேறு. அதைச் சுரக்க உடம்பில் வேறு இடம் கிடையாது என்றே வைத்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் இந்த டெஸ்டுக்கு 1986இல் முதன்முதலாக அனுமதி கொடுத்ததும், ஏற்கெனவே நோய் உள்ளவர்களைக் கண்காணிக்கத்தான். நோய் கண்டுபிடிக்க உதவும் என்று அனுமதித்தது 1994இல்.

0.2ஐத் தொட்டு, மறுபடி எடுத்தாலும் 0.2 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் "திரும்பியிருக்கிறது" என்று பொதுவாகக் கணக்கு. அதுவும் ரத்தத்தில் தெரியும் திரும்பல்தான். எலும்பிலோ வேறெங்கோ நோய் தெரிகிறது என்று அர்த்தமில்லை. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை 1999இல் வெளியிட்ட ஓர் ஆய்வை என் யூராலஜிஸ்ட் காட்டினார். பி.எஸ்.ஏ ஏறிய பிறகும் உடனே சிகிச்சை எடுக்காதவர்களில், வேறு உறுப்புக்குப் பரவியது தெரிவதற்கு ஆன காலத்தின் நடுமதிப்பு 8 வருடம். அதைக் கேட்ட அன்றைக்குத்தான் ஒழுங்காகச் சாப்பிட்டேன். ஆனால் அந்த 8 எல்லோருக்கும் பொருந்தாது. க்ளீசன் ஸ்கோர் (புற்றுசெல்கள் எவ்வளவு முரட்டுத்தனம் என்று மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் போடும் மார்க்) 8 அல்லது அதற்கு மேல் உள்ளவர்களுக்கும், ஆபரேஷன் ஆன ஓரிரு வருடத்திலேயே ஏறத் தொடங்கியவர்களுக்கும், பி.எஸ்.ஏ வேகமாக இரட்டிப்பாகிறவர்களுக்கும் அது குறைவு.

எனக்கு ஒவ்வொரு முறை இரட்டிப்பாகவும் ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. 0.2ஐ நெருங்கியபோது ரேடியேஷன் கொடுத்தார்கள், இறங்கிவிட்டது. "முதலிலேயே கொடுத்திருக்கலாமே" என்று வீட்டில் கேட்டார்கள். அதற்கும் 2020இல் பதில் வந்துவிட்டது. மூன்று பெரிய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, எல்லோருக்கும் உடனே ரேடியேஷன் கொடுப்பதும், பி.எஸ்.ஏ ஏறத் தொடங்கியதும் சீக்கிரமே கொடுப்பதும் ஏறக்குறைய ஒரே பலன்தான் என்று தெரிந்தது. காத்திருந்தவர்களில் பலருக்கு ரேடியேஷன் தேவையே படவில்லை, சிறுநீர்த் தொந்தரவும் குறைவு.

0.03, 0.05 போன்ற எண்களை வைத்து இரட்டிப்புக் கணக்கு போடாதீர்கள். இணையத்தில் கணிப்பான் இருக்கிறது, எண்ணைப் போட்டால் ஏதாவது பதில் சொல்லும், தூக்கம் போகும். குறைந்தது மூன்று அளவுகள் வேண்டும், அவை 0.1ஐத் தாண்டியிருப்பது நல்லது.

சேலம், லேப் டெக்னீஷியன்

கோவை சார் சொன்னதோடு என் பக்கத்துச் சங்கதி கொஞ்சம். தயவுசெய்து லேபை மாற்றாதீர்கள். ஒவ்வொரு கம்பெனி மெஷினும் கிட்டும் கொஞ்சம் வேறு மாதிரி அளக்கும். சலுகை விலை முகாமில் ஒருமுறை, ஆஸ்பத்திரியில் ஒருமுறை என்று எடுத்துவிட்டு "0.02 ஏறிவிட்டது" என்று அழுதுகொண்டு வருகிறவர்களை வாரம் தவறாமல் பார்க்கிறேன். அந்த அளவில் அது மெஷினின் ஊசலாட்டமாகக்கூட இருக்கலாம்.

இன்னொன்று, முடி கொட்டுவதற்கு என்று பயோட்டின் மாத்திரை போடுகிறீர்களா? அதிக டோஸில் அது சில வகை கிட்களில் குறுக்கிடும். பி.எஸ்.ஏவை நிஜ அளவைவிடக் குறைத்துக் காட்டிவிடும். எல்லா கிட்டுக்கும் இந்தப் பிரச்சினை இல்லை. ஆனாலும் ரத்தம் கொடுக்கும்போது சொல்லிவிடுங்கள்.

ஆபரேஷன் ஆன மறுவாரமே டெஸ்ட் எடுப்பதும் வீண். ரத்தத்தில் மீதமிருக்கும் பி.எஸ்.ஏ பாதியாகவே இரண்டு மூன்று நாள் ஆகும். ஆறு வாரமாவது போகட்டும்.

சென்னை, மகள்

அப்பாவுக்கு இந்தக் "காத்திருக்கலாம்" பேச்சுக்கே இடமிருக்கவில்லை. ஆறு வாரத்தில் எடுத்த முதல் பி.எஸ்.ஏவே 0.4. அதாவது இறங்கவே இல்லை. டிஸ்சார்ஜ் சம்மரியில் "ஆபரேஷன் வெற்றிகரமாக முடிந்தது" என்று எழுதியிருந்தார்கள். தனியாக வந்த பேத்தாலஜி ரிப்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில்தான் விஷயமே இருந்தது. கிரேடு குரூப் 5 (ஒன்று முதல் ஐந்து வரையில் மிக முரட்டுத்தனமானது), விந்துப்பைக்குள் நோய் போயிருக்கிறது, வெட்டிய ஓரத்தில் புற்றுசெல்கள். இதை யாரும் எங்களிடம் உட்கார்ந்து சொல்லவில்லை. ஆஸ்பத்திரி பெயர் வேண்டாம், இப்போது அங்கே போவதில்லை.

இரண்டாவது கருத்து கேட்ட இடத்தில் அந்த டாக்டர் முதலில் கேட்டதே அந்த இரண்டாம் பக்கத்தைத்தான். ஆபரேஷனுக்கு முந்தைய பி.எஸ்.ஏ, க்ளீசன், ஓரம், சுரப்பியின் உறையைத் தாண்டியதா, விந்துப்பை, நிணநீர்க் கணு, இந்த ஆறையும் வைத்து மார்க் போட்டார். காப்ரா-எஸ் என்று பெயராம். 0 முதல் 12 வரை, 6 அல்லது அதற்கு மேல் போனால் அதிக ஆபத்து. அப்பா அந்தப் பக்கம்தான். ஒரு பைசா செலவில்லாத கணக்கு.

பிறகு, புற்றுசெல்கள் உடம்பில் எங்கே இருக்கின்றன என்று தேடும் பி.எஸ்.எம்.ஏ பெட் ஸ்கேன். இடுப்புக்குள் ஒரு கணுவில் தெரிந்தது. அந்த இடத்தையும் சேர்த்து ரேடியேஷன், கூடவே ஹார்மோன் ஊசி. இப்போது அளக்க முடியாத அளவுக்கு இறங்கியிருக்கிறது. திருச்சி ஐயா, உங்கள் 0.05இல் அந்த ஸ்கேன் பெரும்பாலும் ஒன்றும் காட்டாது, காசு வீண். பி.எஸ்.ஏ ஏற ஏறத்தான் அது கண்டுபிடிக்கும் வாய்ப்பும் கூடும்.

நியூ ஜெர்சி, மனைவி

ஜீன் டெஸ்ட் என் கணவருக்கு எடுத்தோம். டிசைஃபர் என்று பெயர். புதிதாக ரத்தமோ சதையோ எடுப்பதில்லை. ஆபரேஷனில் எடுத்த சுரப்பியை மெழுகுக் கட்டியாக வைத்திருப்பார்கள், அதிலிருந்து ஒரு துண்டு போகும். 22 ஜீன்களின் செயல்பாட்டைப் பார்த்து 0 முதல் 1 வரை மார்க். 0.45க்குக் கீழே குறைவு, 0.6க்கு மேலே அதிகம்.

இவருக்கு உறையைத் தாண்டியிருந்தது, ஓரத்திலும் செல்கள். பி.எஸ்.ஏ மட்டும் சுத்தம். ஒரு டாக்டர் ரேடியேஷன் என்றார், இன்னொருவர் பொறு என்றார். இந்த இழுபறிக்கு நடுவில்தான் டெஸ்ட். மார்க் குறைவாக வந்தது, பொறுத்தோம், இன்றுவரை ஏறவில்லை. டெஸ்ட் இல்லாவிட்டாலும் ஏறாமலே இருந்திருக்கலாம், அது யாருக்குத் தெரியும்! முடிவெடுக்க ஒரு பிடிமானம் கிடைத்தது, அவ்வளவுதான். இன்ஷூரன்ஸ் முதலில் மறுத்தது, டாக்டர் கடிதம் எழுதிய பிறகு கொடுத்தது. கைக்காசு என்றால் யோசித்திருப்போம், ரூபாயில் லட்சக்கணக்கு.

கவனிக்க வேண்டியது, அது முக்கியமாகச் சொல்வது நோய் தூரத்து உறுப்புக்குப் பரவும் வாய்ப்பை. பி.எஸ்.ஏ ஏறுமா ஏறாதா என்ற ஜோசியம் இல்லை. பெரும்பாலும் அமெரிக்க நோயாளிகளின் திசுவில் சோதித்துப் பார்த்த மார்க் என்பதையும் மனதில் வைக்க வேண்டும்.

மதுரை, பேத்தாலஜி பி.ஜி மாணவர்

நியூ ஜெர்சி அம்மா சொன்ன மெழுகுக் கட்டி பற்றி: அது பத்திரமாக இருக்கும், வருடங்கள் கழித்தும் டெஸ்ட் செய்யலாம். ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்தால் கட்டியோ ஸ்லைடோ தருவார்கள். அதனால் இன்றே ஜீன் டெஸ்ட் எடுக்க வேண்டும் என்ற அவசரம் எவருக்கும் இல்லை.

ஜீன் என்றாலே எல்லாம் எதிர்காலம் சொல்லும் என்று நினைக்கவும் வேண்டாம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அருள் சின்னையன் குழு 2005இல் டி.எம்.பி.ஆர்.எஸ்.எஸ்.2, இ.ஆர்.ஜி என்ற இரண்டு ஜீன்கள் ஒட்டிக்கொள்வதைக் கண்டுபிடித்தது. மேற்கத்திய நோயாளிகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அது உண்டு. பெரிய கண்டுபிடிப்பு. ஆனால் ஆபரேஷனுக்குப் பிறகு யாருக்குத் திரும்பும் என்று சொல்ல அது பெரிதாக உதவவில்லை. பி-டென் ஜீன் இழப்பு அப்படியில்லை, அது இருந்தால் நோய் கொஞ்சம் முரட்டுத்தனமானது. அதைத் திசுவுக்குச் சாயமேற்றும் சாதாரண ஸ்டெயினிங்கிலேயே பார்க்கலாம், ஆனால் எல்லா லேபிலும் வழக்கமாகச் செய்வதில்லை.

திருச்சி, ஓய்வுபெற்ற ஆசிரியர்

எல்லோருக்கும் நன்றி. ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். கிரேடு குரூப் 2, ஓரம் சுத்தம், விந்துப்பையும் கணுவும் சுத்தம். உறையை ஓரிடத்தில் மட்டும் தாண்டியிருக்கிறது. மகனுக்கு இந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பி, ஜீன் டெஸ்ட் பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன். டாக்டர் சொன்ன மூன்று மாதத்துக்கே போகிறேன், அதே லேபில்.

சேலம் தம்பி, மனைவி வாங்கி வைத்திருக்கும் முடி மாத்திரையில் நானும் தினம் ஒன்று போடுகிறேன். அட்டையில் பயோட்டின் 10 மில்லிகிராம் என்று போட்டிருக்கிறது. எப்போது நிறுத்த வேண்டும்?

சேலம், லேப் டெக்னீஷியன்

ஐயா, 10 மில்லிகிராம் கொஞ்சம் அதிக டோஸ்தான். ரத்தம் கொடுப்பதற்கு மூன்று நாள் முன்னால் நிறுத்துங்கள். போன தடவைகளிலும் போட்டுக்கொண்டிருந்தீர்களா என்பதை டாக்டரிடம் சொல்லுங்கள், பழைய 0.03ஐயும் 0.05ஐயும் அவர் அதை வைத்துத்தான் பார்க்க வேண்டியிருக்கும். உங்கள் லேபில் எந்தக் கம்பெனி மெஷின் என்று கேட்டு இங்கே போடுங்கள், அதற்குப் பயோட்டின் பிரச்சினை உண்டா என்று பார்த்துச் சொல்கிறேன்.