அவசரப் பைக்கு மடக்குத் தண்ணீர்ப் பை: எந்த அளவு, எந்த வகை?

முடிச்சூர்_மாடிவீடு:

வணக்கம். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் ஓர் அவசரப் பை தயார் செய்துகொண்டிருக்கிறோம். வீட்டில் நான்கு பேர், முதல் மாடி. தெருவில் தண்ணீர் நின்று கரண்ட் போனால் மோட்டார் ஓடாது, சம்புக்குள் சாக்கடை இறங்கியிருக்கும், கேன் போடுபவரும் வரமாட்டார். 2015 டிசம்பரில் இந்தப் பக்கம் நடந்தது அதுதான். இருப்பு வைக்கக் குடமும் டிரம்மும் இருக்கின்றன. நான் கேட்பது, அந்த இருப்பு தீர்ந்த பிறகோ வீட்டை விட்டுக் கிளம்பும்போதோ கையில் இருக்க வேண்டிய சின்னப் பாத்திரத்தைப் பற்றி. தண்ணீரைப் பிடிக்க வேண்டும், அதிலேயே மருந்து போட்டுச் சுத்தப்படுத்த வேண்டும், மடித்தால் டிபன் பாக்ஸுக்குள் அடங்க வேண்டும்.

ஜிப் கவர், மூக்கு வைத்த மடக்குப் பை, 5 லிட்டர் மடக்கு கேன் என்று பலதும் கண்ணில் படுகின்றன. சில பட்டியல்களில் ஆணுறைகூட இருக்கிறது. எதை வாங்கலாம்? குளோரின் மாத்திரை நல்லதா, அயோடின் நல்லதா? அம்மா தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறார். ஸ்டீல் பாட்டில் ஒன்றும் தேவைப்படுமா?

குளோரின்_கணக்கு:

எந்தப் பையாக இருந்தாலும், 1 லிட்டர் எதுவரை என்று அதில் தெரிகிறதா என்பதை முதலில் பாருங்கள். மருந்துக் கணக்கு முழுக்க லிட்டரில்தான் இருக்கிறது. குளோரின் மாத்திரையில் (சோடியம் டைகுளோரோ ஐசோசயனுரேட்) 8.5 மி.கி. என்றால் 1 லிட்டருக்கு, 67 மி.கி. என்றால் 20 லிட்டருக்கு. வெள்ளக் காலத்தில் சுகாதாரத் துறையினர் வீடு வீடாகக் கொடுக்கும் மாத்திரையும் பல சமயம் 20 லிட்டருக்கானதுதான். அதை 1 லிட்டர் பையில் போட்டால் வாயில் வைக்க முடியாது. 1 லிட்டர் மாத்திரையை 3 லிட்டர் பையில் போட்டால், தண்ணீர் கொஞ்சம் கலங்கலாக இருந்தாலே குளோரின் முழுவதையும் அழுக்கு தின்றுவிடும், கிருமிக்கு ஒன்றும் மிஞ்சாது. பெரிய ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் 1 லிட்டருக்குத்தான். தண்ணீர் குறைந்தால் உப்பு கூடி, குழந்தைகளுக்கு ஆபத்தாகிவிடும். ஆகவே 1 லிட்டர் பை இரண்டு வாங்குங்கள், அல்லது 2 லிட்டர் பையில் 1 லிட்டர் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

கோடு போடுவதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. மடக்குப் பையைக் கீழே வைத்தால் வயிறு அகன்று மட்டம் இறங்கும், தொங்கவிட்டால் ஏறும். எப்படிப் பயன்படுத்துவீர்களோ அப்படியே தொங்கவிட்டு, 1 லிட்டர் பாட்டில் தண்ணீரை ஊற்றி, மட்டத்தில் பெர்மனென்ட் மார்க்கரால் கோடு போட்டு, மேலே செலோ டேப் ஒட்டுங்கள். டேப் இல்லாவிட்டால் ஈரக்கை பட்டுப் பட்டுக் கோடு அழிந்துவிடும்.

மருந்து போடும் முறை: கோடு வரை நிரப்பி, மாத்திரையைப் போட்டு, மூடி, கரையும் வரை குலுக்குங்கள். 5 நிமிடம் கழித்து மூடியை அரைச்சுற்று தளர்த்தி, பையைக் கவிழ்த்து லேசாக அமுக்குங்கள். மருந்து கலந்த தண்ணீர் கசிந்து மூடியின் மரையிலும் மூக்கிலும் ஓட வேண்டும். பெரும்பாலானோர் விட்டுவிடுவது இதைத்தான். பை அழுக்குத் தண்ணீரில் முங்கியபோது மரைக்குள் புகுந்த துளிகளுக்கு மருந்தே போய்ச் சேர்ந்திருக்காது, குடிக்கும்போது முதலில் வாயில் படுவதோ அவைதான். பிறகு இறுக்கி மூடி 30 நிமிடம் வையுங்கள். திறந்தால் லேசாகக் குளோரின் வாசம் வர வேண்டும். வராவிட்டால் அதே அளவு மருந்தை இன்னொரு தடவை போட்டு 15 நிமிடம் காத்திருங்கள்.

அந்த 30 நிமிடம் முடியும் முன் எலுமிச்சைச் சாறோ பழப்பொடியோ கலக்கவே கூடாது. வைட்டமின் சி குளோரினை உடனே செயலிழக்கச் செய்துவிடும். ஓ.ஆர்.எஸ். பொடியும் காத்திருப்பு முடிந்த பிறகுதான்.

அம்மாவுக்கு அயோடின் வேண்டாம். தைராய்டு தொந்தரவு உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அது ஆகாது. வீட்டில் அவர் ஒருவருக்கு மட்டும் வேறு தண்ணீர் என்று பிரித்துவைப்பது அந்தச் சமயத்தில் நடக்காது, ஆகவே பையில் குளோரின் மட்டும் இருக்கட்டும். இன்னொன்று, குளோரினோ அயோடினோ, கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியை இந்த அரைமணி நேரத்தில் கொல்லாது. அதற்குக் கொதிக்க வைப்பதுதான் வழி.

மஞ்சப்பை_மாமி:

பை வகை பத்தி நான் சொல்றேன்.

ஜிப் கவர் மலிவு, தட்டையா அடங்கும், ஆனா மருந்து போட்டுக் குலுக்கற பாத்திரமா அதை நினைக்காதீங்க. தண்ணி கனத்துல ஜிப் வாய் ஓரத்துலதான் முதல்ல விடும். அடுத்து போறது அடி மூலை ஒட்டு. எடுத்துத்தான் ஆகணும்னா ரெண்டு கவரை ஒண்ணுக்குள்ள ஒண்ணு போட்டு, முக்கால் பங்கு நிரப்பி, துணி மஞ்சப்பைக்குள்ள இறக்குங்க. கனத்தைத் துணி தாங்கிக்கும், ஒட்டு மேல இழுவை வராது.

ஆணுறை வேண்டவே வேண்டாம். மேல எண்ணெய்ப்பசை தடவாதது இங்க கடையில சுலபமா கிடைக்காது. கிடைச்சாலும் சாக்ஸுக்குள்ள விட்டுத்தான் நிரப்பணும், முள்ளு பட்டா போச்சு, மூடி கிடையாது, அதுல வச்சு அளக்கவும் முடியாது. தீப்பெட்டி அளவு கிட்டுக்கு யோசிச்ச ஏற்பாடு அது. உங்களுக்கு டிபன் பாக்ஸ் அளவு இடம் இருக்கு, எதுக்கு அந்தச் சிரமம்?

வாங்க வேண்டியது அடி விரிஞ்சு நிக்கிற, மரை மூடி வச்ச மடக்குப் பை, 1 லிட்டர். உணவுத் தரம்னு அச்சடிச்சிருக்கணும். முகர்ந்து பாருங்க, மழைக்கோட்டு மாதிரி வாடை அடிச்சா விட்டுடுங்க. மூடி சாதாரண தண்ணி பாட்டில் மூடி அளவுல இருந்தா ரொம்ப நல்லது. மூடி தொலைஞ்சா எந்த பாட்டில் மூடியும் சேரும், பின்னாடி ஃபில்டர் வாங்கினாலும் அதுலயே மாட்டிக்கலாம்.

வெறும் பையைத் தேங்கின தண்ணியில அமுக்கிப் பாருங்க, வாய் ஒட்டிக்கிட்டு உள்ள ஒண்ணும் போகாது. முதல்ல வாயால ஊதி விரிச்சுட்டு, ஒரு டம்ளரால மொண்டு ஊத்துங்க. ஒரு லிட்டர் பாட்டிலோட மேல் பாதியை வெட்டி வச்சுக்கிட்டா அதுவே புனல்.

பையைப் பத்திரப்படுத்தறதும் முக்கியம். உள்ள சொட்டு ஈரம் இருந்தாலும் மடிப்புல கருப்புப் பூஞ்சை பிடிக்கும். தலைகீழா ஒரு நாள் முழுக்கத் தொங்கவிட்டுக் காயவச்சு, மடிக்காம சுருட்டி வைங்க. வருஷத்துக்கு ஒரு தடவை வேற பக்கமா சுருட்டுங்க, ஒரே கோட்டுல மடிஞ்சே கிடந்தா அங்கதான் வெடிக்கும். மொட்டை மாடிக்குக் கீழ இருக்கற பரண் வெயில்ல கொதிக்கும், அங்க வேண்டாம். பீரோவுல வச்சா பாச்சை உருண்டை பக்கத்துலயே கூடாது. அந்த வாடை பிளாஸ்டிக்கை ஊடுருவித் தண்ணிக்கு வந்துடும், எத்தனை தடவை அலசினாலும் போகாது.

தெளிவு:

எந்தத் தண்ணீரைப் பிடிக்கப் போகிறீர்கள் என்பதை இன்னும் யாரும் பேசவில்லை. தெருவில் நிற்கும் வெள்ளத் தண்ணீரை எந்தப் பையாலும் மாத்திரையாலும் குடிநீராக்க முடியாது. அதில் சாக்கடையோடு வண்டிகளின் டீசலும் எண்ணெயும் பட்டறைக் கழிவும் கலந்திருக்கும். குளோரின் கிருமியைத்தான் கொல்லும். கொதிக்க வைத்தாலும் டீசல் போகாது.

உங்களுக்கு முதல் ஆதாரம் மொட்டை மாடித் தொட்டி. மழை எச்சரிக்கை வந்ததும் கரண்ட் இருக்கும்போதே அதை நிரப்பிவிட்டு, சம்ப் தண்ணீர் ஏறும் குழாயின் வால்வை அடைத்துவிடுங்கள். சம்புக்குள் வெள்ளம் புகுந்ததை அறியாமல் கரண்ட் வந்ததும் மோட்டாரைப் போட்டால் மேல் தொட்டியும் கெட்டுவிடும். அடுத்தது மழைநீர். 1 சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை விழுந்தால் 1 லிட்டர். 2 மீட்டருக்கு ஒன்றரை மீட்டர் சுத்தமான பிளாஸ்டிக் விரிப்பைச் சாய்த்துக் கட்டினால் 10 மி.மீ. மழைக்கு 30 லிட்டர், சிதறியது போகக் கொஞ்சம் குறையும். முதல் சில நிமிடத் தண்ணீரை விட்டுவிட்டுப் பிடியுங்கள். பிடித்ததற்கும் மாத்திரை உண்டு, காக்கை எச்சம் எங்கும் இருக்கும்.

கலங்கலாக இருந்தால் நேரே பைக்குள் ஊற்றாதீர்கள். குடத்திலோ வாளியிலோ தெளியவைத்துத்தான் பைக்கு வர வேண்டும். ஒரு குடத்துக்குப் படிகாரத் தூள் ஒரு சிட்டிகை, ஒரு நிமிடம் வேகமாகவும் ஐந்து நிமிடம் மெதுவாகவும் கலக்கி, அரைமணி நேரமாவது அசைக்காமல் வையுங்கள். மெதுவாகக் கலக்கும்போதுதான் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகும், கடைசிவரை வேகமாகவே சுழற்றினால் உடைந்து மறுபடி கலங்கும். தெளிந்ததை, பழைய பருத்திப் புடவையை எட்டாக மடித்து அதன் வழியே இறுத்துக்கொள்ளுங்கள். வங்கதேசக் கிராமங்களில் புடவைத் துணியில் வடிகட்டியதால் மட்டுமே காலரா ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது என்று 2003இல் வெளிவந்த ஆய்வு சொன்னது. பழைய புடவைதான் நல்லது, துவைத்துத் துவைத்து நூல் விரிந்து கண் சிறுத்திருக்கும். குளோரின் கடைசியில்தான், முதலிலேயே போட்டால் சேறே அதைக் குடித்துவிடும்.

தேற்றாங்கொட்டையைக் குடத்தின் உள்பக்கம் இழைப்பதும், முருங்கை விதைப் பொடி கலப்பதும் தண்ணீரைத் தெளியவைக்கும். ஆனால் தெளிந்த தண்ணீரெல்லாம் குடிக்கத் தகுந்ததாகிவிடாது. அதற்குப் பிறகும் மாத்திரை போட்டே ஆக வேண்டும்.

ஸ்டீல்சொம்பு:

ஸ்டீல் பாட்டில் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கட்டாயம் ஒன்று வேண்டும், அதுவும் ஒற்றைச் சுவர் உள்ளது. சூடு காக்கும் இரட்டைச் சுவர் பாட்டிலை அடுப்பில் வைக்காதீர்கள், சுவர்களுக்கு நடுவே காற்று மாட்டியிருந்தால் அது விரிந்து வெடிக்கலாம். மூடியைக் கழற்றிவிட்டு முக்கால் பங்கு ஊற்றி, தளதளவென்று கொதி வந்த பிறகு 1 நிமிடம் போதும். 2000 மீட்டருக்கு மேலே, ஊட்டி போன்ற ஊர்களில், 3 நிமிடம். மாடி வீட்டில் கரண்ட் இல்லாவிட்டாலும் காஸ் அடுப்பு எரியும், ஆகவே வீட்டுக்குள் இருக்கும் வரை கொதிக்க வைப்பதே உங்களுக்கு முதல் வழி. பையும் மாத்திரையும் வெளியே கிளம்பும்போது.

மடக்குப் பையில் கொதிநீரை ஊற்றாதீர்கள், ஒட்டு இளகிவிடும். ஆறவிட்டு ஊற்றுங்கள்.

கிருமியைக் கொல்லத் தண்ணீரைப் பெட் (PET) பிளாஸ்டிக் பாட்டிலில் 6 மணி நேரம் வெயிலில் வைக்கும் முறை நல்ல முறைதான், மேகமூட்டம் என்றால் இரண்டு நாள். ஆனால் அடைமழையில் அது வேலைக்கு ஆகாது. உங்கள் தேவையே அடைமழைக்கு என்பதால் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

0.1 மைக்ரான் நுண்குழாய் ஃபில்டர் வாங்கினால் பாக்டீரியாவும், குளோரினுக்குச் சாகாத கிரிப்டோஸ்போரிடியமும் அதில் நின்றுவிடும். வைரஸ் நிற்காது. மஞ்சள் காமாலையைக் கொண்டுவரும் ஹெபடைடிஸ் ஏ, இ இரண்டும் வைரஸ்தான், ஆகவே வடிகட்டிய பிறகும் மாத்திரை வேண்டும். ஃபில்டரைப் பையில் மாட்டித் தண்ணீரை அமுக்கி எடுக்கும்போது, பையைத் துணி பிழிவது போல் முறுக்காதீர்கள். ஃபில்டர் அடைத்துக்கொண்டிருக்கும்போது முறுக்கினால் அந்த அழுத்தம் முழுக்கப் பை ஒட்டின் மேல் இறங்கும். ஓட்டம் குறைந்தால் சுத்தமான தண்ணீரைப் பின்பக்கமாகச் செலுத்தி அடைப்பை எடுங்கள்.

முடிச்சூர்_மாடிவீடு:

எல்லோருக்கும் நன்றி. 1 லிட்டர் மரை மூடிப் பை இரண்டு, ஒற்றைச் சுவர் ஸ்டீல் பாட்டில் ஒன்று என்று முடிவு செய்துவிட்டோம். இரண்டு சந்தேகங்கள் பாக்கி. கையில் 20 லிட்டர் மாத்திரை மட்டும் இருந்தால் உடைத்துப் போடலாமா? மாத்திரை தீர்ந்துவிட்டால் வேறு என்ன செய்வது?

குளோரின்_கணக்கு:

உடைக்காதீர்கள். சமமாக உடையாது, மிச்சத் துண்டும் ஈரக்காற்றில் வீரியம் இழக்கும். 20 லிட்டர் கேனிலோ டிரம்மிலோ முழு மாத்திரையைக் கரைத்து, 30 நிமிடம் கழித்துப் பைகளில் நிரப்பிக்கொள்ளுங்கள். அதற்காகவாவது ஒரு காலி கேனைக் கழுவி வைத்திருங்கள்.

மாத்திரை இல்லையென்றால் சோடியம் ஹைப்போகுளோரைட் திரவம். வாசனையோ சோப்போ சேராதது, பாட்டிலில் 4 முதல் 6 சதவீதம் என்று போட்டிருந்தால் தெளிந்த தண்ணீர் 1 லிட்டருக்கு 2 சொட்டு, அதாவது 0.1 மி.லி. எவ்வளவு தெளியவைத்தும் கலங்கல் மிச்சம் என்றால் 4 சொட்டு. சொட்டு ஆளுக்கு ஆள் மாறும், ஊசி கழற்றிய 1 மி.லி. சிரிஞ்சில் 0.1 கோடு வரை எடுங்கள். இந்தத் திரவம் நம் ஊர் வெப்பத்தில் சில மாதங்களிலேயே வீரியம் குறைந்துவிடும், பழைய பாட்டிலை நம்பி இருக்காதீர்கள். டாய்லெட் கிளீனர் பாட்டில் இருக்கும் அலமாரியிலும் வைக்காதீர்கள். அமிலத்தோடு கலந்தால் குளோரின் வாயு கிளம்பும்.

இரண்டு பையில் ஒன்றின் மூடியில் சிவப்பு நூல் கட்டிவிடுங்கள். அது அழுக்குத் தண்ணீர் மொள்ள மட்டும். மாத்திரை போட்டு வைப்பதும் குடிப்பதும் மற்றதில்.