இமாச்சலப் பிரதேசம் முழுவதும் பனியும் ஆப்பிளும்தானா?

காவேரிப்பட்டினம் மாந்தோப்பு:
அனைவருக்கும் வணக்கம். பி.ஃபார்ம் முடித்த என் மகனுக்கு இமாச்சலப் பிரதேசத்தின் பத்தி நகரில் உள்ள மருந்து ஆலை ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது. பனி கொட்டும் ஊர் என்று எண்ணி வீட்டில் கம்பளி வாங்கத் தொடங்கிவிட்டார்கள். அங்குள்ள மக்கள் எதை நம்பிப் பிழைக்கிறார்கள், எந்தெந்தச் சமூகத்தினர் வாழ்கிறார்கள் என்பதை அறிய விரும்புகிறேன். பெங்களூரா மாங்காய்க்குக் கூழ் ஆலைகள் சொல்லும் விலையைக் கேட்டுச் சலித்துப்போன என்னைப் போன்ற விவசாயி, அங்கே சிறிதளவு ஆப்பிள் தோட்டம் வாங்க இயலுமா என்பதையும் விவரம் அறிந்தவர்கள் கூற வேண்டுகிறேன்.

ஓசூர் சிப்காட்:
ஐயா, கம்பளி வாங்குவதைச் சற்று நிறுத்தி வையுங்கள். பத்தி, சோலன் மாவட்டத்தில் சிவாலிக் குன்றுகளின் அடிவாரத்தில் இருக்கிறது. ஓசூரின் உயரத்தில் ஏறத்தாழப் பாதிதான் என்பதால், மே, ஜூன் மாதங்களில் கிருஷ்ணகிரி வெயிலே தேவலை என்று உங்கள் மகன் சொல்லக்கூடும். குளிர்காலத்துக்கு ஒரு நல்ல ஸ்வெட்டரும் தடித்த ரஜாயும் (பஞ்சு வைத்துத் தைத்த போர்வை) போதும். பெங்களூரின் நிழலில் ஓசூர் வளர்ந்ததைப் போலச் சண்டிகரின் நிழலில் வளர்ந்த ஊர் அது. 2003-ல் மத்திய அரசு அறிவித்த வரிச் சலுகைகளுக்குப் பிறகே மருந்து ஆலைகள் அங்கு குவிந்தன. ஆலைகளில் பிகார், உத்தரப் பிரதேசத் தொழிலாளர்கள் மிகுதி.

நிலம் வாங்கும் எண்ணத்தை மட்டும் விட்டுவிடுங்கள். 1972-ஆம் ஆண்டின் குத்தகை, நிலச் சீர்திருத்தச் சட்டத்தின் 118-ஆம் பிரிவின்படி, விவசாயி அல்லாதவர் அரசின் அனுமதியின்றி அங்கே நிலம் வாங்க முடியாது. இமாச்சலுக்குள் நிலம் வைத்துப் பயிரிடுபவரையே அந்தச் சட்டம் விவசாயியாகக் கொள்கிறது. நம்மூர்ப் பட்டாவும் சிட்டாவும் அங்கே செல்லாது.

தருமபுரி புவியியல் ஆசிரியை:
மாநிலத்தின் பரப்பு 55,673 சதுர கி.மீ. அதில் ஏறத்தாழக் கால் பங்கு லாஹௌல்-ஸ்பிதி என்னும் ஒரே மாவட்டம்; ஆனால் 2011 கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்ந்தவர்கள் 31,564 பேர்தான். அதே கணக்கெடுப்பில் காங்ரா மாவட்டத்தின் மக்கள்தொகை, நம் தருமபுரியைப் போலவே, சுமார் 15 லட்சம். இரண்டுக்கும் இடையே மலைத்தொடர்கள் நிற்கின்றன: தௌலாதார் தொடர் பருவமழை மேகங்களைத் தடுத்துக் காங்ராவில் கொட்டச் செய்கிறது, அதனால் அங்கே நெல்லும் தேயிலையும் விளைகின்றன, ஸ்பிதியோ மழை மறைவில் கிடக்கும் குளிர்ப் பாலை. குளிர்காலத்தில் ரோத்தாங் கணவாய் மூடிக்கொண்டால் லாஹௌலும் துண்டிக்கப்பட்டுவிடும் என்ற நிலை, 2020 அக்டோபரில் 9 கி.மீ. நீளமுள்ள அடல் சுரங்கப்பாதை திறக்கப்பட்ட பிறகுதான் மாறியது.

மக்களும் அப்படியே. ஸ்பிதியில் பௌத்தர்கள்; அங்குள்ள தாபோ மடாலயம் கி.பி. 996-ல் நிறுவப்பட்டது. சம்பாவின் பர்மௌர் பகுதியைச் சேர்ந்த கத்தி (Gaddi) என்னும் இனத்து இடையர்கள், கோடையில் ஆட்டு மந்தைகளுடன் கணவாய்களைக் கடந்து லாஹௌல் வரை சென்று, குளிர் தொடங்கும் முன் காங்ராவின் தாழ்ந்த குன்றுகளுக்கு இறங்கிவிடுவார்கள். காங்ரா, ஹமீர்பூர் பக்கம் ராணுவச் சம்பளமும் ஓய்வூதியமும் பல குடும்பங்களுக்கு ஆதாரம். சிர்மௌர் மாவட்டத்தின் ஹாட்டி சமூகத்தைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்க 2023-ல் சட்டம் நிறைவேறியும், வழக்கு நீதிமன்றத்துக்குப் போய்விட்டது. சான்றிதழ் இழுபறி நம் மாவட்டங்களுக்கும் புதிதல்லவே.

காவேரிப்பட்டினம் மாந்தோப்பு:
நன்றி அம்மா, நன்றி ஐயா. நிலம் கிடக்கட்டும், ஆப்பிள் விவசாயியாவது நிம்மதியாக இருக்கிறாரா?

போச்சம்பள்ளி மண்டி:
முழு நிம்மதி என்று சொல்ல முடியாது. கோட்கட் பகுதியில் ஒரு நூற்றாண்டுக்கு முன் சாமுவேல் ஸ்டோக்ஸ் என்ற அமெரிக்கர் கொண்டுவந்த டெலிஷியஸ் வகைகளே சிம்லா, குலு, கின்னௌர் மலைகளில் பணத்தைப் புழங்கச் செய்தன. அந்த வகைகளுக்குக் குளிர்காலத்தில் 7 டிகிரிக்குக் குறைவான குளிர் ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் வேண்டும். குளிர் குறையக் குறைய, தாழ்வான தோட்டங்களில் விளைச்சல் சரிந்து, சாகுபடி மேலே மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. மண்டியில் விலை பெட்டிக் கணக்கில் பேசப்பட்டதால், ஒரே பெட்டியில் கூடுதல் அடுக்குகளைத் திணித்து 30 கிலோவுக்கு மேலும் அனுப்ப வேண்டியிருந்தது. கூடுதல் எடை விவசாயிக்கு நட்டம். நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 2024 பருவத்தில்தான் ஒரே அளவுப் பெட்டி கட்டாயமானது. 2023 மழையில் சாலைகள் சரிந்தபோதோ, பறித்த பழத்தை மண்டிக்குக் கொண்டுசேர்க்கவே வழியில்லாமல் பலர் தவித்தார்கள். நம்மிடம் இல்லாத ஒரு வசதி அவர்களுக்கு உண்டு: ஆப்பிளைக் குளிர்பதனக் கிடங்கில் மாதக்கணக்கில் வைத்து விலை ஏறும்போது விற்கலாம். பெங்களூராவைப் பறித்த கையோடு கூழ் ஆலை வாசலில் லாரியை நிறுத்தியாக வேண்டும்.